பக்கத்தில் படுத்திருப்பது யார்?

ராத்திரி 2 மணி. கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றதும் உங்களுக்கு முழிப்பு வருகிறது. ஜன்னல் வழியே கொஞ்சம் நிலா வெளிச்சம். பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறீர்கள். வாய் லேசாகத் திறந்தபடி, முடி முகத்தில் விழுந்தபடி ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் மனைவி. அல்லது கணவர். 15, 20 வருடமாகப் பார்க்கிற முகம்தான். ஆனால், ஒரே ஒரு விநாடி மனசு கேட்கிறது... 'யார் இது?'

அடுத்த விநாடியே எல்லாம் சரியாகிவிடும். கொசுவை அடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வீர்கள்.

உங்களுக்கு அப்படி ஒரு விநாடி வந்ததுண்டா? 'சீச்சீ, எனக்கா!' என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். நானும் யாரிடமும் சொல்லமாட்டேன்.

உலகத்தின் நல்ல பயங்கரக் கதைகள் பலவும் அந்த ஒரு விநாடிக்குள் இருந்துதான் வந்திருக்கின்றன. சுடுகாட்டுப் பேய், வேப்பமரத்துப் பேய் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. கல்யாணமானவர்களைப் பயமுறுத்தும் பேய் வீட்டுக்குள்தான் இருக்கும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாம்பார் கேட்கும். 2005-ல் 'சந்திரமுகி' வந்தபோது தியேட்டரில் குழந்தைகள் ஜோதிகாவின் கண்ணைப் பார்த்துப் பயந்தார்கள். எனக்குப் பயம் பிரபுவைப் பார்த்துத்தான் வந்தது. பாவம், கட்டின மனைவிக்குள் இன்னொருத்தி குடியிருக்கிறாள். அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. ஊருக்கே தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. இதைவிடப் பெரிய பயம் உண்டா?

சரி, ஒரு நிஜக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வி.எஸ்.ராமச்சந்திரன் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம்ம சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பெரிய மூளை விஞ்ஞானி ஆனவர். 1998-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஓர் இளைஞனைப் பற்றி எழுதியிருக்கிறார். விபத்தில் தலையில் அடி. பிழைத்துக்கொண்டான். பேச்சு, அறிவு, ஞாபகம் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால், அப்பாவைப் பார்த்து, 'இவர் என் அப்பா இல்லை, அச்சு அசலாக அப்பா மாதிரியே இருக்கிற யாரோ ஒருத்தர்' என்கிறான். அம்மாவையும் அதேதான் சொல்கிறான். இதற்கு 'காப்கிரா' என்று பேர். 1923-ல் இதை முதலில் விவரமாக எழுதிய பிரெஞ்சு மனநல மருத்துவரின் பெயர் அது.

இதில் ஒரு விசித்திரம். அதே அப்பா பக்கத்து அறைக்குப் போய் போனில் பேசினால், 'அப்பா! எப்படி இருக்கீங்க?' என்று பாசமாகப் பேசுவான். நேரில் வந்தால் ஆள்மாறாட்டக்காரர். போனில் வந்தால் சொந்த அப்பா!

ராமச்சந்திரன் சொல்லும் காரணம் இது. முகத்தை அடையாளம் காணும் இடம் மூளையில் ஒன்று. அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே 'ஜிவ்'வென்று ஒரு கதகதப்பு வருகிறதே, அதற்கு இடம் வேறு. இரண்டையும் இணைக்கும் ஒயர் இவனுக்கு அறுந்துவிட்டது. கண் 'அப்பா' என்கிறது. மனசு 'ஒண்ணுமே தோணலையே' என்கிறது. காது வழியாகப் போகிற ஒயர் மட்டும் பிழைத்துக்கொண்டது. அதனால் போனில் பிரச்னை இல்லை. அவன் உள்ளங்கையில் கருவி வைத்துப் பார்த்தார்கள். பெற்றவர்களின் போட்டோவைக் காட்டும்போதும், முன்பின் தெரியாதவர்களின் போட்டோவைக் காட்டும்போதும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஒரு சிலிர்ப்பு இல்லை.

ஆனால் மூளை, 'என் ஒயர் அறுந்துபோச்சு' என்று ஒப்புக்கொள்வதில்லை. 'எதிரில் இருப்பவன் போலி' என்று ஒரு கதை எழுதிவிடுகிறது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் போவது உணர்வு. கதை அப்புறம்தான் வருகிறது. நாம் என்னவோ கதையைக் கேட்டுத்தான் உணர்வு போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

'அவ முன்ன மாதிரி இல்ல சார்... கல்யாணமான புதுசுல இருந்த ஆளே இல்ல.' 'அவரு மாறிட்டாருங்க... எங்க வீட்டுக்காரர் மாதிரியே இல்ல.' இந்த வசனங்களை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்போம்? சொல்கிற யாருக்கும் தலையில் அடிபடவில்லை. ஆனால், ஒயர் எந்தப் பக்கம் அறுந்தது என்று யார் யோசித்தார்கள்? எதிரில் இருப்பவர் மாறிவிட்டாரா? அல்லது அவரைப் பார்க்கும்போது எனக்குள் வந்துகொண்டிருந்த அந்தக் கதகதப்பு நின்றுவிட்டதா? இரண்டாவது கேள்வியைக் கேட்க நமக்குத் தைரியம் கிடையாது. முதல் கேள்வி சுலபம். அதற்கு ஆதாரம் தேடலாம். போனை நோண்டலாம்.

நான் பி.காம் படித்தவன். ஆடிட்டிங் பேப்பரில் ஒரு வழக்கு வரும். காமர்ஸ் படித்த எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. 1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. ஆடிட்டர் என்பவர் காவல் நாய், வேட்டை நாய் அல்ல என்று அதில் நீதிபதி சொன்னார். எங்கேயோ திருட்டு இருக்கிறது என்ற முடிவோடு கணக்கைத் திறக்க வேண்டியதில்லை. சந்தேகத்தைக் கிளப்பும்படி ஏதாவது கண்ணில் பட்டால் தோண்டலாம். மற்றபடி எதிரில் இருப்பவரை நம்பி வேலையைப் பார்க்கலாம்.

ஒரு காட்டன் மில்லுக்குக் காட்டுகிற இந்த மரியாதையைக் கூட நாம் கட்டினவரிடம் காட்டுவதில்லை!

*

சந்தேகம் என்னதான் கேட்கிறது? 'நிச்சயம்' கேட்கிறது. நூற்றுக்கு நூறு உத்தரவாதம். மாறவே மாறாத, நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிற ஓர் ஆள். அப்படி ஓர் ஆள் கிடைத்தால் என்ன ஆகும் என்று 200 வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார்.

ஹாஃப்மன் என்று ஒரு ஜெர்மன்காரர். பகலில் பெர்லின் நீதிமன்றத்தில் நீதிபதி. ராத்திரியில் பயங்கரக் கதை எழுத்தாளர். 1816-ல் அவர் எழுதிய 'மணல் மனிதன்' என்கிற கதையில் நத்தானியேல் என்று ஒரு மாணவன். அவனுக்கு கிளாரா என்று நிச்சயிக்கப்பட்ட பெண். புத்திசாலி. அவன் இருட்டும் ரத்தமுமாக எழுதும் கவிதையைப் படித்துக் காட்டினால், 'இந்தப் பைத்தியக்காரத்தனத்தைத் தூக்கி நெருப்பில போடு' என்று சொல்லிவிடுகிற பெண். அவனுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. 'உயிரில்லாத இயந்திரமே!' என்று அவளைத் திட்டுகிறான்.

பிறகு எதிர்வீட்டு ஜன்னலில் ஒலிம்பியாவைப் பார்க்கிறான். பேராசிரியர் ஒருவரின் மகளாம். பேரழகி. தாளம் பிசகாமல் பாடுவாள், ஆடுவாள். இவன் மணிக்கணக்கில் கவிதை படித்தாலும் கொட்டாவி விடமாட்டாள். பின்னல் வேலை செய்யமாட்டாள். நாய்க்குட்டியோடு விளையாடமாட்டாள். அவனையே இமைக்காமல் பார்த்துக்கொண்டு 'ஆ... ஆ...' என்பாள். கிட்டத்தட்ட அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த பேச்சு. 'ஆஹா, என்னை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன்!' என்று உருகுகிறான் நத்தானியேல்.

அவள் ஒரு பொம்மை. மரத்தால் செய்து, சக்கரம் வைத்து முடுக்கிய பொம்மை. செய்த இரண்டு பேரும் அவளுக்காகச் சண்டை போடும்போது கண்கள் தனியாகக் கழன்று தரையில் கிடக்கின்றன. அதைப் பார்த்த நத்தானியேல் பித்துப்பிடித்துப் போகிறான். கடைசியில் கோபுரத்திலிருந்து குதித்துச் செத்துப்போகிறான்.

உயிருள்ளவளை இயந்திரம் என்றான். இயந்திரத்தை உயிர் என்றான். ஏன்? கிளாரா மறுத்துப் பேசினாள். ஒலிம்பியா மறுத்துப் பேசவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். தன்மேல் நம்பிக்கை இல்லாதவனுக்கு, மறுத்துப் பேசுகிறவள் எல்லாம் பேய். தலையாட்டுகிற பொம்மைதான் தேவதை.

ஹாஃப்மன் அதோடு விடவில்லை. விஷயம் தெரிந்ததும் ஊர் முழுக்கக் காதலர்களுக்கு உதறல் எடுத்துவிடுகிறதாம். 'நம்ம ஆளும் பொம்மையாக இருந்துட்டா?' உடனே ஒவ்வொருத்தனும் தன் காதலியிடம், 'கொஞ்சம் தாளம் தப்பிப் பாடேன், கொஞ்சம் தப்பாக ஆடேன், நான் படிக்கும்போது பின்னல் போடேன், சும்மா கேட்டுட்டு இருக்காம எதிர்த்து ஏதாவது சொல்லேன்' என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டானாம்!

இதைப் படித்தபோது எனக்கு நளன் கதைதான் ஞாபகம் வந்தது. தமயந்தியின் சுயம்வரம். மாலையோடு வருகிறாள். எதிரில் 5 நளன்கள்! இந்திரன், அக்னி, வருணன், எமன் நாலு பேரும் நளன் வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். முகத்தில் வித்தியாசமே இல்லை. அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? நாலு பேருக்கு வேர்க்கவில்லை. கண் இமைக்கவில்லை. கால் தரையில் படவில்லை. கழுத்து மாலை வாடவில்லை. ஐந்தாவது ஆளுக்கு வேர்த்திருந்தது. தூசி படிந்திருந்தது. மாலை வாடியிருந்தது. இமை அடித்துக்கொண்டது. 'இவன்தான் என் ஆள்' என்று அவன் கழுத்தில் மாலையைப் போட்டாள்.

குறையே இல்லாத நாலு தேவர்களை விட்டுவிட்டு, வேர்வை வழிந்தவனைத் தேர்ந்தெடுத்தாள். ஒரிஜினலுக்கு அடையாளம் குறைதான். நாம் அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். குறை கண்ணில் பட்டதும், 'இது என் ஆள் இல்லை' என்கிறோம்.

1972-ல் அமெரிக்காவில் ஐரா லெவின் என்பவர் 'ஸ்டெப்ஃபோர்டு மனைவிகள்' என்று ஒரு நாவல் எழுதினார். பெண்கள் உரிமை கேட்டு எழுந்துகொண்டிருந்த நேரம். ஸ்டெப்ஃபோர்டு என்று ஓர் அழகான சின்ன ஊர். அங்கே மனைவிகள் எல்லோரும் எந்நேரமும் சிரித்தபடி தரையைத் துடைக்கிறார்கள், சமைக்கிறார்கள். யாருக்கும் தனியாக ஓர் ஆசை கிடையாது. புதிதாக அந்த ஊருக்கு வந்த ஜோவன்னா என்ற பெண்ணுக்கு மெள்ள மெள்ளப் புரிகிறது... இங்குள்ள கணவர்கள் சங்கம் கூடி, மனைவிகளை ஒழித்துவிட்டு, அதே முகத்தோடு இயந்திரங்களைச் செய்து வைத்துக்கொள்கிறார்கள். ஹாஃப்மன் கதையில் ஒருவன் ஏமாந்து பொம்மையைக் காதலித்தான். இங்கே தெரிந்தே செய்கிறார்கள். அந்தக் கணவர்கள் ராட்சசர்கள் அல்ல. உங்களையும் என்னையும் மாதிரி ஆபீஸ் போய்வருகிறவர்கள். 'அவ என்னைவிடப் பெரிய ஆளாயிட்டா என்ன பண்றது?' என்கிற சின்னப் பயம்தான். அந்தப் பயம் முழுசாகத் தீர வேண்டுமென்றால், எதிரில் இருப்பது உயிராக இருக்கக் கூடாது.

*

இங்கே ஒரு வாசகி குறுக்கே கை நீட்டுவது எனக்குத் தெரிகிறது. 'சார், சந்தேகம் எல்லாமே வியாதிதானா? நிஜமாவே ஏமாத்தறவன் கிடையாதா? ஏற்கெனவே கல்யாணமானதை மறைச்சு இன்னொரு கல்யாணம் பண்றவன் கிடையாதா?'

கேட்க வேண்டிய கேள்வி. உண்டு. நிறைய உண்டு.

1938-ல் பேட்ரிக் ஹாமில்டன் என்பவர் லண்டனில் ஒரு நாடகம் எழுதினார். பேர் 'கேஸ் லைட்'. கேஸ் விளக்கு எரிந்த காலத்துக் கதை. மேல்மாடியில் கணவன் ரகசியமாக நகை தேடுகிறான். அங்கே அவன் விளக்கைக் கூட்டினால், கீழே மனைவி இருக்கிற அறையில் விளக்கு மங்குகிறது. அவள் கேட்கிறாள். 'உனக்குப் பைத்தியம்' என்கிறான். பொருளை அவனே ஒளித்துவைத்துவிட்டு, 'உனக்கு ஞாபக மறதி' என்கிறான். கடைசியில் அவளே தன்னைப் பைத்தியம் என்று நம்ப ஆரம்பிக்கிறாள். அந்த நாடகத்தின் பெயரிலிருந்துதான் 'கேஸ்லைட்டிங்' என்கிற வார்த்தையே இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது.

அவள் சந்தேகம் சரி. நூறு சதவிகிதம் சரி. விளக்கு நிஜமாகவே மங்கியது.

அப்படியானால் எந்தச் சந்தேகம் வியாதி, எந்தச் சந்தேகம் புத்திசாலித்தனம்? எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். வாய்விட்டுக் கேட்பது. பூட்டைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் முகத்துக்கு நேரே கேட்பது. 'விளக்கு ஏன் மங்குது?'

கேட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பதில் வருகிறதா, அழுகை வருகிறதா, கோபமே வருகிறதா... வரட்டும். கேள்வி அங்கே உயிரோடு இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் 'உனக்குத்தான் மண்டை சரியில்லை' என்றே பதில் வந்தால், கேட்கக் கேட்க நீங்கள் சின்ன ஆளாகிக்கொண்டே போனால், அம்மா, தயவுசெய்து அந்த வீட்டில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நம்பகமான யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள்.

ஆனால், ஒரு வார்த்தை கேட்காமல், எதிராளிக்கு வாய் திறக்க வாய்ப்பே தராமல், மனசுக்குள்ளேயே கோர்ட் வைத்து, மனசுக்குள்ளேயே சாட்சி விசாரித்து, மனசுக்குள்ளேயே தீர்ப்பு எழுதுகிறோமே... அந்த வேலையில் ஏமாற்றுக்காரர் யார்?

ராஜஸ்தான் எழுத்தாளர் விஜய்தான் தேதா, நாட்டுப்புறக் கதை ஒன்றை எடுத்து எழுதியது 'துவிதா'. 1973-ல் மணி கௌல் படமாக எடுத்தார். 2005-ல் அமோல் பலேகர், ஷாருக் கானை நடிக்கவைத்து 'பஹேலி' என்று இன்னொரு தடவை எடுத்தார். வியாபாரி மகன் ஒருவனுக்குக் கல்யாணம். அவன் மனசெல்லாம் கணக்கில். கட்டின கையோடு 5 வருடம் வியாபாரத்துக்கென்று ஊரைவிட்டுப் போய்விடுகிறான். வழியில் மரத்தடியில் அந்தப் பெண்ணைப் பார்த்து மயங்கிய ஒரு பேய், அவன் உருவத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. மாமனாருக்குத் தினம் பொற்காசு கிடைக்கிறது. அதனால் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால், அவளிடம் மட்டும் அந்தப் பேயால் பொய் சொல்ல முடியவில்லை. 'நான் உன் புருஷன் இல்லை, பேய். இப்ப நீதான் முடிவு பண்ணணும்' என்று உண்மையைச் சொல்லிவிடுகிறது. அவள் ஏற்றுக்கொள்கிறாள்.

கடைசியில் நிஜக் கணவன் திரும்பிவர, ஓர் ஆட்டிடையன் தந்திரமாகப் பேயைத் தோல் பைக்குள் அடைக்கிறான். எது நிஜம், எது போலி என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு? முகம் நிஜமாக இருந்தவன் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததில்லை. முகம் பொய்யாக இருந்தவன் அவளிடம் உண்மை சொன்னான், அவள் விருப்பத்தைக் கேட்டான். இருவரில் ஆள்மாறாட்டம் செய்தவன் எவன் என்று நீங்களே சொல்லுங்கள். ரேஷன் கார்டில் பேர் இருப்பதால் மட்டும் ஒருத்தன் 'நிஜம்' ஆகிவிட முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

*

இவ்வளவு நேரம் ஊர்க் கதை சொன்னேன். இனி என் கதை.

2020 ஊரடங்கு. நான் வேலை பார்த்த இடத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். 40 வயதைத் தாண்டி, மாதக் கடைசியில் அக்கவுன்ட்டில் சம்பளம் விழவில்லை என்றால் எப்படி இருக்கும் தெரியுமா? கண்ணாடியில் தெரிவது நீங்கள் இல்லை.

காஃப்காவின் 'உருமாற்றம்' கதையைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. 1915-ல் வந்த கதை. கிரகோர் சாம்சா என்கிற விற்பனைப் பிரதிநிதி ஒருநாள் காலையில் பெரிய பூச்சியாக மாறிக் கிடக்கிறான். அப்போதும் அவன் கவலை ரயிலைத் தவறவிட்டுவிட்டோமே என்பதுதான். அப்பா பட்ட கடனை அடைத்துக்கொண்டிருப்பவன் அவன். அவன் சம்பாத்தியத்தில்தான் குடும்பமே நடக்கிறது. பூச்சியான பிறகு ஆரம்பத்தில் தங்கை பாசமாகச் சாப்பாடு வைக்கிறாள். நாளாக ஆக, அப்பா ஆப்பிளை வீசி அடிக்கிறார். கடைசியில் அதே தங்கைதான், 'இதை அண்ணன்னு நினைக்கிறதையே விட்டுடணும். இது நிஜமா அண்ணனா இருந்தா, நம்ம கஷ்டம் புரிஞ்சு தானாவே போயிருக்கும்' என்கிற அர்த்தத்தில் பேசுகிறாள். அன்று ராத்திரியே அவன் செத்துப்போகிறான். குடும்பம் நிம்மதியாக டிராம் ஏறி வெளியே கிளம்புகிறது.

கல்லூரியில் புரியாதது ஊரடங்கில் புரிந்தது. முதுகில் ஓடு முளைத்த மாதிரி வீட்டுக்குள் கிடந்தேன். சம்பளம் இல்லாத நான், நானா? இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். என் மூளை அதைத் திருப்பிப் போட்டது... 'இவள், இவளா?'

ஆதாரங்கள் தானாக வந்து விழுந்தன. மனைவி போனைக் கவிழ்த்தே வைக்கிறாள். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுகிறாள். கழுத்தில் எப்போதும் கிடக்கும் செயின் இல்லை. கேட்டால், 'எங்க போகப் போறோம்னு போட்டுக்கணும்? பீரோல இருக்கு' என்கிறாள். காபியில் சர்க்கரை குறைந்துவிட்டது. சிரிக்காதீர்கள். சந்தேகத்தின் பேலன்ஸ் ஷீட்டில் சர்க்கரைக்கும் ஒரு என்ட்ரி உண்டு.

ராத்திரி ராத்திரி முழித்து உட்கார்ந்து அவள் தூங்குகிற முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு ராத்திரி எழுந்துபோய், சார்ஜரில் கிடந்த அவள் போனை எடுத்தேன். மகள் பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு. திறந்தது.

வாட்ஸ் அப்பில் என் மச்சினனோடு பேச்சு. ஸ்கூல் ஃபீஸ் கட்டச் செயினை அடகு வைத்திருக்கிறாள். 'அவருக்குத் தெரிய வேணாம்டா. ஏற்கெனவே ஒடிஞ்சு போயிருக்கார்' என்று எழுதியிருக்கிறாள். ஆக, அவள் மறைத்தது உண்மைதான். என் மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. மோப்பம் பிடித்து வந்த இடம்தான் வேறு.

அதோடு போனைக் கீழே வைத்திருந்தால் வெறும் வெட்கத்தோடு போயிருக்கும். இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினேன். அங்கே இது இருந்தது.

'அவர் அவராவே இல்லடா. ராத்திரி முழிச்சு உக்காந்து என்னையே பாத்துட்டு இருக்கார். நான் கண்ணை மூடிட்டு தூங்கற மாதிரி படுத்திருக்கேன். யாரோ வேற ஆள் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு. பயமா இருக்கு.'

இந்தப் பயங்கரக் கதையில் நான் ஹீரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி அந்த இருட்டு ஹாலில், கையில் அடுத்தவர் போனோடு நின்றபோதுதான் தெரிந்தது. அந்த வீட்டில் ஆள்மாறாட்டக்காரன் ஒருத்தன் இருந்தது உண்மை. அது நான்.

போனை வைத்துவிட்டு வந்து படுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பிறகு வேலை கிடைத்தது. செயின் திரும்பி வந்தது. ராத்திரி முழிப்பதும் நின்றது. ஆனாலும் சொல்லவில்லை. 'இப்ப எதுக்கு?' என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம். அந்த ராஜஸ்தான் பேய்க்கு இருந்த யோக்கியதைகூட எனக்கு இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் ஒன்று உறைத்தது. முகம் தெரியாத உங்களிடம் சொல்வதை, அவளிடம் முதலில் சொல்ல வேண்டாமா? அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அவள் கையில் கொடுத்தேன்.

சமையலறை வாசலில் நின்றபடியே படித்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு பேப்பரை மடித்தாள்.

''எனக்கு அன்னிக்கே தெரியும்.''

''என்னது?''

''நான் எப்பவும் போனைக் கவுத்துதான் வெப்பேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. காலையில பாக்கறேன், மல்லாந்து கிடக்கு. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன்.''

''இத்தனை வருஷமாவா?''

''இத்தனை வருஷமாத்தான்.''

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் நான் எதிர்பார்த்த மாதிரி அழவும் இல்லை, 'பரவாயில்லை' என்று சொல்லவும் இல்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

''அப்புறம் ஒண்ணு,'' என்றாள். ''காபியில சர்க்கரையைக் குறைச்சது உங்க சுகர் ரிப்போர்ட்டைப் பாத்து. அதையும் எழுதிக்கோங்க.''

எழுதிவிட்டேன்.